மதுவுக்கு ஆகக்குறைந்த விலை: ஒரு கணக்குப்பிள்ளையின் பேச்சு

(கொழும்பு வெள்ளவத்தையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மாரே, இளையவர்களே, வணக்கம்.

மதுக்கடை பூட்டிக் கிடக்கும் போயாவுக்கு, அதாவது பௌர்ணமி விடுமுறைக்கு, முதல்நாள் பின்னேரம் காலி வீதியால் நடந்தவர்களுக்கு மதுக்கடை வாசலில் நீளும் வரிசை தெரியும். என் சித்தப்பாவும் அப்படி ஒரு வரிசையில் நின்றவர்தான். துறைமுகத்தில் வேலை. சாராயம் விலை ஏற ஏற அவருடைய முழுப் போத்தல் அரையாயிற்று, அரை காலாயிற்று. சித்தி கொஞ்சம் மூச்சு விட்டார். பிறகு ஒருநாள் சித்தப்பா அந்தக் கால் போத்தலையும் விட்டார். கள்ளத்தனமாகக் காய்ச்சும் கசிப்புக்குப் போய்விட்டார்.

அதனால் விலையைப் பற்றி எனக்கு இரண்டு விஷயம் தெரியும். விலை குடியைக் குறைக்கும். அதே விலை ஆளைக் கசிப்புக்கும் தள்ளும். இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டுதான் மதுவுக்கு ஆகக்குறைந்த விலை வைக்கும் சட்டம் இங்கேயும் வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன்.

அரிசிக்கு ஆகக்கூடிய சில்லறை விலை குறிப்பதை நாம் எல்லோரும் அறிவோம். இதற்கு மேலே விற்காதே என்பது அது. மதுவுக்குச் சொல்வது இதற்குக் கீழே விற்காதே என்பது. அந்த விலையைப் போத்தலின் அளவைப் பார்த்து வைப்பதில்லை, உள்ளே இருக்கும் தூய மதுசாரத்தின் அளவுக்கு வைக்கிறார்கள். ஸ்கொட்லாந்தில் பத்து மில்லிலீற்றர் தூய மதுசாரம் ஓர் அலகு. 2018 மே 1 முதல் ஓர் அலகை 50 பென்சுக்குக் குறைவாக விற்க முடியாது என்றார்கள்.

நான் கணக்கெழுதிப் பிழைத்தவன், ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மூன்று லீற்றர் சைடர், வலிமை 7.5 வீதம். அதில் இருப்பது இருபத்திரண்டரை அலகு. சட்டப்படி 11 பவுண் 25 பென்சுக்குக் கீழே போக முடியாது. நாற்பது வீத விஸ்கி, 700 மில்லிலீற்றர், 28 அலகு, 14 பவுண். நல்ல விஸ்கி முன்னரே அதற்கு மேலேதான் விற்றது, அதன் விலை அசையவே இல்லை. ஏறியது மலிவான சரக்குத்தான். மலிவானதை அதிகம் வாங்குபவர் அதிகம் குடிப்பவர். இந்தச் சட்டத்தின் சூட்சுமம் இவ்வளவுதான்.

நம் ஊர்க் கணக்கும் இதேதான். 33.5 வீதச் சாராயம் 750 மில்லிலீற்றர் என்றால் 25 அலகு. 4.8 வீத பியர், 625 மில்லிலீற்றர் பெரிய போத்தல், மூன்று அலகு. ஒரு முழுப் போத்தல் சாராயம் எட்டுப் பெரிய பியருக்கும் சற்று மேல். இதைக் கேட்டதும் "அப்படியா!" என்று திகைக்கிற குடிகாரர்களை நான் கண்டிருக்கிறேன்.

ஸ்கொட்லாந்தில் அந்தச் சட்டம் 2012இல் நிறைவேறியது. விஸ்கி உற்பத்தியாளர் சங்கம் வழக்குப் போட்டது. ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 2017 நவம்பரில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஐந்து வருஷத்துக்கு மேல் இழுபட்ட சண்டை. பிறகு ஆய்வு செய்து பார்த்தபோது, மதுவை மட்டுமே காரணமாகக் கொண்ட மரணங்கள் சட்டம் இல்லாதிருந்தால் இருந்திருக்கக்கூடியதைவிட 13.4 வீதம் குறைவு என்று கண்டார்கள். ஏழ்மை மிகுந்த பகுதிகளில்தான் பலன் அதிகம். "குடிகாரன் என்ன விலைக்கும் குடிப்பான்" என்று கையை விரிப்பவர்கள் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

ஒன்றை மறைக்க மாட்டேன். மதுவில்லாமல் இருக்கவே முடியாத நிலைக்கு வந்துவிட்ட சிலர் சாப்பாட்டுக் காசைக் குறைத்துப் போத்தலை வாங்கியதாகவும் அங்கே நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. அது என் சித்தியின் சமையலறை. இன்னொன்று, விலை ஏறியதால் கூடிய காசு அரசுக்குப் போகவில்லை, விற்றவர் கைக்குப் போனது. இங்கே நமக்கு மதுவரித் தீர்வை இருக்கிறது; கூடுகிற காசு அந்த வழியால் திறைசேரிக்கு வர வேண்டும், வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

நம்முடைய மதுவரிக் கட்டளைச் சட்டம் 1912ஆம் ஆண்டினது. 2006இல் புகையிலை, மதுசாரம் பற்றிய தேசிய அதிகார சபைச் சட்டம் வந்தது. இருபத்தொரு வயதுக்குக் கீழே விற்கக்கூடாது என்பது அதனால்தான். இந்த வரிசையில் ஆகக்குறைந்த விலையையும் சேர்க்கலாம். ஆனால் சட்டத்தில் ரூபாயை எழுதிப் பூட்டக்கூடாது. ஸ்கொட்லாந்தின் 50 பென்ஸ் ஆறு வருஷத்தில் தேய்ந்துபோனபடியால் 2024 செப்டெம்பர் 30இல் 65 ஆக்கினார்கள். நாமோ 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டதைப் பார்த்தவர்கள். அன்று தேங்காய் வாங்கப் போன எவருக்கும் விளக்கம் தேவையில்லை. விலைவாசியோடு சேர்ந்து தானாக ஏறும்படி எழுத வேண்டும்.

இனிக் கசிப்பு. சீனியும் ஈஸ்ட்டும் ஒரு பீப்பாயும் இருந்தால் கோடா, அதாவது காய்ச்சுவதற்கான ஊறல், போடலாம். தீர்வை இல்லை, அலகு இல்லை, என்ன கலந்திருக்கிறது என்று காய்ச்சியவனுக்கே தெரியாது. ஸ்கொட்லாந்தின் கணக்கில் இப்படி ஒரு சரக்கு இல்லை. சாராயத்தின் விலையை மட்டும் தூக்கிவிட்டு இதைக் காணாததுபோல் இருந்தால், துறைமுகத்திலும் தோட்டத்து லயத்திலும் இன்னும் பல சித்தப்பாமார் அந்தப் பக்கம் திரும்புவார்கள். ஆகவே விலை வர்த்தமானியில் வரும் அன்றே கசிப்புக் காய்ச்சுபவனைத் தேடும் பொலிஸும், குடியை விட விரும்புபவனுக்கு அரசாங்க வைத்தியசாலையில் ஒரு கட்டிலும் சேர்ந்து வர வேண்டும். இவை இல்லாமல் விலை மாத்திரம் வேண்டும் என்று கேட்கும் எந்த மனுவிலும் நான் கையெழுத்து வைக்க மாட்டேன்.