நோன்பு வீட்டில் பிள்ளைக்கு என்ன வேலை?

[திரையில்: இருட்டு ஜன்னல், அடுப்படியில் மட்டும் விளக்கு]

அஸ்ஸலாமு அலைக்கும். ரமலான் பிறை தெரிந்த ராத்திரி பல வீடுகளில் ஒரு குட்டிக் குரல் கேட்கும்: "உம்மா, என்னையும் ஸஹருக்கு எழுப்பி விடுங்க!" விடியுமுன் சாப்பிடும் அந்தச் சாப்பாட்டுக்கு எழுப்புவதாக நாமும் சரி என்போம். அப்புறம், பாவம் தூங்கட்டும் என்று விட்டுவிடுவோம். காலையில் வீடு ரெண்டுபடும்.

எழுப்பி விடுங்கள். நோன்பு வைக்காவிட்டாலும் பரவாயில்லை. பருவம் அடையும் வரை பிள்ளைகள்மேல் நோன்பு கடமை இல்லை. ஆனால் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடும் அந்த நேரத்தில் தனக்கும் ஒரு தட்டு இருக்கிறதா என்பது ஆறு வயதுக்குப் பெரிய விஷயம்.

ஆசைப்படுகிற பிள்ளை மதியத் தொழுகைக்கு அழைக்கும் லுஹர் பாங்கு வரை அரை நோன்பு வைக்கட்டும். முழு நோன்பு நம் ஊரில் சுமார் 13 மணி நேரம், அவசரமே இல்லை. தலை சுற்றினால் உடனே தண்ணீர் கொடுங்கள். நீரிழிவு மாதிரி ஏதாவது இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் முயலவே வேண்டாம்.

[திரையில்: கம்பளி நூல், பாதி முடிந்த பொம்மை]

ருபைய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி) என்ற நபித்தோழி சொன்ன செய்தி ஹதீஸில் இருக்கிறது. மதீனாவில் முஹர்ரம் பத்தாம் நாளான ஆஷூராவன்று பிள்ளைகளையும் நோன்பு வைக்கச் செய்வார்களாம். அவர்களுக்காகக் கம்பளியில் விளையாட்டுப் பொருள் செய்து வைத்திருப்பார்கள். சாப்பாடு கேட்டு அழுதால் அதைக் கையில் கொடுப்பார்கள், நோன்பு திறக்கும் நேரம் வரும்வரை.

நம் வீட்டிலும் கஷ்டமான நேரம் அதுதான், மாலைத் தொழுகையான அஸருக்கும் நோன்பு திறக்கும் நேரமான மஃரிபுக்கும் நடுவில். பொம்மைக்குப் பதில் போனைக் கொடுத்து உட்கார வைப்பது சுலபம். நான் வேலை கொடுக்கச் சொல்வேன்.

[திரையில்: தூக்குவாளியுடன் பள்ளிவாசல் வரிசை]

தூக்குவாளியைக் கொடுத்துப் பெரியவர் யாருடனாவது பள்ளிவாசலுக்கு அனுப்புங்கள். கஞ்சி வரிசையில் நிற்பதே அவர்களுக்குத் திருவிழா. பாதிக் கஞ்சி தெருவில் சிந்தினாலும் மீதி வீடு வந்து சேரும். வீட்டிலேயே காய்ச்சுவதானால் இன்னும் நல்லது. பச்சரிசியையும் பாசிப்பருப்பையும் அலசுவது, வெந்தயம் அளந்து போடுவது, பூண்டு உரிப்பது, புதினா கிள்ளுவது எல்லாம் சின்னக் கைகளுக்கு வரும். வடைச்சட்டிப் பக்கம் மட்டும் விடாதீர்கள். காய்ச்சியதில் ஒரு கிண்ணம் பக்கத்து வீட்டுக்குப் பிள்ளை கையாலேயே போகட்டும். பேரீச்சம்பழத்தை எண்ணி எல்லாருக்கும் வைப்பதும், பாங்குக்குக் காது கொடுத்து "சொல்லியாச்சு!" என்று கத்துவதும் அவர்கள் பொறுப்பு.

ரமலான் இரவுத் தொழுகையான தராவீஹுக்கும் கூட்டிப்போகலாம். எட்டு ரக்அத்தா (தொழுகையின் ஒரு சுற்று) இருபதா என்பது பெரியவர்கள் வழக்கு. பிள்ளைக்கு இரண்டு ரக்அத் போதும், தூங்கிவிட்டால் தோளில் போட்டுக்கொண்டு வாருங்கள்.

கொஞ்சம் விவரம் தெரிந்த பிள்ளையோடு பிறையைப் பாருங்கள். பிறைக் கணக்கில் வருடம் 11 நாள் அளவுக்குக் குறைவு, அதனால் ரமலான் வருடா வருடம் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். 2030-ல் ஜனவரியில் ஒன்று, டிசம்பர் கடைசியில் இன்னொன்று என்று இரண்டு ரமலான் தொடங்கும். இதைச் சொல்லிப் பாருங்கள், அப்போ பெருநாளும் ரெண்டா என்று கேள்வி வரும்.

ஒன்று எனக்குப் பிடிக்காது. "உங்க காக்கா (அண்ணன்) பத்து நோன்பு வச்சுட்டான், நீ எத்தனை?" என்ற கணக்கு. நோன்புக்கு இவ்வளவு ரூபாய் என்று பேசுவதும் அப்படித்தான். போட்டி வந்துவிட்டால் குளியலறைக் குழாயில் ரகசியமாகத் தண்ணீர் குடிப்பதும், கேட்டால் பொய் சொல்வதும் கூடவே வரும். குடித்தது தெரிந்தாலும் நாலு பேர் முன்னால் கேட்காதீர்கள்.

[திரையில்: அரிசிப் பானை, துணிப்பை, தராசு]

கடைசி வாரத்தில் ஃபித்ரா, அதாவது பெருநாளையொட்டி ஏழைகளுக்குக் கொடுக்கும் தர்மம். பெருநாள் தொழுகைக்கு முன்னால் கொடுத்தாக வேண்டும். நேற்றுப் பிறந்த குழந்தையின் பெயரிலும் உண்டு. ஆளுக்கு ஒரு ஸாஉ, அதாவது இரண்டு கையும் சேர்த்து அள்ளினால் நான்கு முறை. ஏறக்குறைய இரண்டரை கிலோ அரிசி வரும், சரியான அளவை ஊர் ஜமாஅத் சொல்லிவிடும். வாப்பா அள்ளிப் போடட்டும், பிள்ளை பையைப் பிடித்துக்கொண்டு பெயர் சொல்லி எண்ணட்டும்: உம்மம்மாவுக்கு நாலு, தங்கச்சிக்கு நாலு. அப்புறம் தராசில் வைத்துக் குறைகிறதா என்று பாருங்கள். கொடுக்கப் போகும்போதும் அவர்களைக் கூட்டிப்போங்கள். திரும்பி வந்ததும் புது உடுப்பை இப்பவே போட்டுப் பார்க்கணும் என்று நிற்பார்கள். அதைச் சமாளிக்கும் வழி எனக்குத் தெரியாது.