42 வயதில் மறுபடி படிக்கலாமா? ஒரு அக்காவின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு அக்கா அனுப்பிய கேள்வி என் மனதை விட்டுப் போகவே இல்லை. "5ஆம் வகுப்போடு நின்றுவிட்டேன். இப்போது 42 வயது. எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) என்னைப் போல இன்னும் சிலர் இருக்கிறார்கள். மறுபடி படித்தால் எந்தச் சோதனை எழுதலாம்?"

சோதனைக்கான பதில் சின்னது. 11ஆம் வகுப்போடு எழுதுகிற சாதாரண தரப் பரீட்சையைப் (O/L) பாடசாலைக்குப் போகாமலே தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம். வயது ஒரு தடை இல்லை. வலயக் கல்வி அலுவலகத்தில் முறைசாராக் கல்விக்குப் பொறுப்பானவரைக் கேட்டுப் போங்கள், வழி சொல்வார்கள்.

ஆனால் அக்கா, "எங்கள் லயத்தில் சிலர்" என்று எழுதினீர்களே, எனக்கு அதைப் பற்றித்தான் பேச வேண்டும். என் வீடியோக்களைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும், நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: பெரியவர்கள் வகுப்பை விட்டு நிற்பது பாடம் கஷ்டம் என்பதால் இல்லை, நேரமும் இடமும் ஒத்துவராததால். காலையில் பெரட்டு (வேலைக்கு ஆள் பிரிப்பது), அப்புறம் மலையில் கொழுந்து பறிப்பது, பின்னேரம் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தால் அடுப்பு. இதற்கு நடுவில் பஸ் ஏறி டவுனுக்குப் போய்ப் படி என்றால் யாரால் முடியும்? வகுப்பு தோட்டத்துக்கு வரவேண்டும். பின்னேரம் பிள்ளை மடுவம் (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) காலியாகத்தானே இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். கோயில் மண்டபமும் ஆகும்.

எங்கிருந்து ஆரம்பிப்பது? அரிச்சுவடியில் வேண்டாம், சம்பளச் சீட்டில் ஆரம்பியுங்கள். நான் பார்த்த ஒரு வகுப்பில் ஒரு அம்மா சீட்டை விரித்து வைத்து, "இது என்ன பிடித்தம்?" என்று கேட்டார். அது ஓய்வுக்காலத்துக்குச் சேர்க்கும் ஊழியர் சேமலாப நிதி (EPF). அதற்குத் தொழிலாளி பங்கு சம்பளத்தில் 8 வீதம், தோட்டம் போடவேண்டியது 12 வீதம். அந்த 8 எப்படி வந்தது என்று கணக்குப் போட்டே அன்று முழு வகுப்பும் வீதம் படித்தது. பக்கத்தில் இருந்தவர்களும் தங்கள் சீட்டைக் கொண்டு வந்தார்கள். ஆறாம் வகுப்புப் புத்தகத்தை வைத்து அதைச் சொல்லிக் கொடுத்திருந்தால் பாதிப்பேர் எழுந்து போயிருப்பார்கள். தன் காசு என்றால் கணக்கு தானாக வரும். இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது!

இன்னொன்று. படிப்பு நின்றதற்கு வெட்கப்படாதீர்கள். இலவசக் கல்வி 1945இல் வந்தது, ஆனால் தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசு பொறுப்பெடுக்க 1970கள் வரை ஆனது. அதற்குப் பிறகும் பல தோட்டங்களில் 5ஆம் வகுப்புக்கு மேல் வகுப்பே இல்லை. மேலே படிக்க மைல் கணக்கில் நடக்க வேண்டும். பெண்பிள்ளை என்றால் வீட்டில் நிறுத்திவிடுவார்கள். அது உங்கள் குறை இல்லை.

அதனால் இப்போதே சோதனைக்கு விண்ணப்பிக்க அவசரப்பட வேண்டாம். முதலில் அந்தச் சிலரையும் கூப்பிட்டு உட்காருங்கள். சாதாரண தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற ஒரு பிள்ளை உங்கள் லயத்திலேயே இருக்கும், அந்தப் பிள்ளையிடம் சொல்லித்தரக் கேளுங்கள். கிழமைக்கு இரண்டு பின்னேரம் போதும். வகுப்பு நாளில் வீட்டில் சோறு ஆக்குவது யார் என்பதை மட்டும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள், அண்ணன்மாரும் இதைக் கேட்டுக்கொள்ளட்டும். எந்த நேரம் எல்லோருக்கும் ஒத்துவருகிறது என்று எனக்கு எழுதுங்கள் அக்கா, முதல் மாதத்துக்கு என்னென்ன படிக்கலாம் என்று அடுத்த வீடியோவில் சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.