விர்ஜின் பிளாக் 'ரெக்வியம்': மெட்டல் எங்கேன்னு தேடாம கேக்குறது எப்படி?

அடுத்த கேள்வி. கொஞ்சம் நீளம், சுருக்கிப் படிக்கிறேன். "கோத்திக் மெட்டல் நிறையக் கேக்குறவன் நான். கிறிஸ்தவ மெட்டல்ல வித்தியாசமான ஆல்பம்னு சொன்னாங்கன்னு விர்ஜின் பிளாக்கோட 'ரெக்வியம் – மெஸ்ஸோ ஃபோர்ட்டே' போட்டேன். மூணு பாட்டோட நிறுத்திட்டேன். மெட்டலும் பாதிதான் இருக்கு, கிறிஸ்தவ ஆல்பம்ங்கிறாங்க, ஆறுதலா ஒரு வரி கூட காதுல விழல. இத எப்படி ரசிக்கிறது? எந்த வரிசைல கேக்கணும்?"

நிறுத்தினதுல உங்க தப்பு ஒண்ணும் இல்லங்க. பாட்டுத் தொகுப்புன்னு நினைச்சு உக்காந்தா இதுல யாருமே மூணு பாட்டத் தாண்ட மாட்டாங்க. இது அடக்கப் பூசை. ரெக்வியம்னா அதுதான் அர்த்தம், இறந்தவங்களுக்காக வைக்கிற திருப்பலி. பூசைல போய் உக்காந்துக்கிட்டு கோரஸ் எப்ப வரும்னு காத்திருக்க மாட்டோம் இல்லையா?

முதல்ல இது என்ன சாமான்னு சொல்லிடறேன். விர்ஜின் பிளாக் ஆஸ்திரேலியாவுல அடிலெய்ட் நகரத்து பேண்ட். மையத்துல ரெண்டு பேர். ரோவன் லண்டன், குரலும் கீபோர்டும். சமந்தா எஸ்கார்ப், கிட்டாரும் செல்லோவும் (வயலின் குடும்பத்துல கீழ் ஸ்தாயில பேசுற பெரிய வாத்தியம்). இந்த ஒரு ரெக்வியத்த மூணு ஆல்பமாப் போட்டாங்க. பேரு 'பியானிஸ்ஸிமோ', 'மெஸ்ஸோ ஃபோர்ட்டே', 'ஃபோர்ட்டிஸ்ஸிமோ'. இதெல்லாம் நோட்டேஷன் தாள்ல சத்தத்தோட அளவச் சொல்ற இத்தாலியச் சொல்லு: ரொம்ப மெதுவா, ஓரளவு சத்தமா, ரொம்ப சத்தமா. யோசிச்ச வரிசை அதுதான், ஆனா வெளிவந்த வரிசை வேற. 'மெஸ்ஸோ ஃபோர்ட்டே' 2007, 'ஃபோர்ட்டிஸ்ஸிமோ' 2008, முதல்ல வர வேண்டிய 'பியானிஸ்ஸிமோ' 2018. பத்து வருஷத்துக்கு மேல எல்லாரும் கதைய நடுவுலேர்ந்துதான் கேட்டுட்டு இருந்தாங்க. உங்களுக்குத் தலைகால் புரியலன்னா அதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இப்ப "மெட்டல் பாதிதான் இருக்கு"ங்கிற புகாருக்கு வர்றேன். இங்கதான் இந்த ஆல்பத்தோட சூட்சுமமே இருக்கு.

டிஸ்டார்ஷன் போட்ட, அதாவது ஒலிய வேணும்னே கரகரப்பாக்கின கிட்டாருக்கு மெதுவா, சத்தமாங்கிற வித்தியாசம் கிட்டத்தட்டக் கிடையாது. சிக்னலோட உச்சிய ஆம்ப்ளிஃபையர் வெட்டிடுது. கம்பிய லேசாத் தட்டினாலும் ஓங்கி அடிச்சாலும் வெளிய வர்ற அளவு ஏறக்குறைய ஒண்ணுதான், மாறுறது அந்தக் கரகரப்பு மட்டும்தான். ஒரு வயலின் கூட்டம் அப்படி இல்ல. வில்ல கம்பி மேல மிதக்க விட்டா மூச்சு மாதிரி கேக்கும், அழுத்தினா ஹால் நிறையும். அப்ப, சத்தத்தோட ஏற்ற இறக்கத்தையே பேரா வச்ச ஒரு படைப்புக்குள்ள, ஏற்ற இறக்கமே தெரியாத ஒரு வாத்தியத்த எப்படி உக்கார வைப்பீங்க? வாசிக்கிற விதத்துல முடியாது. யார் வாசிக்கிறாங்க, யார் சும்மா இருக்காங்கங்கிறதுல மட்டும்தான் முடியும். இவங்க செஞ்சது அதுதான். 'பியானிஸ்ஸிமோ'வுல ஆர்கெஸ்ட்ராவும் குரலும். 'ஃபோர்ட்டிஸ்ஸிமோ' டெத்-டூம், அதாவது உறுமல் குரலோட ரொம்ப நிதானமா நகர்ற கனமான மெட்டல். கிட்டாரும் கிரௌலும் (அந்த உறுமல்தான்) எல்லாத்தையும் மூடிடும். நீங்க போட்ட 'மெஸ்ஸோ ஃபோர்ட்டே' ரெண்டும் ஒரே அறையில இருக்குற இடம். பாதி மெட்டல்னு நீங்க சொன்னது சரியான கணக்கு, ஆனா அது குறை கிடையாது, அளவு பாத்துப் போட்டது.

ஆர்கெஸ்ட்ராவோட மெட்டல் சேத்த ஆல்பம் ஏராளமா இருக்கு, பெரும்பாலும் எங்க கெட்டுப் போகும்னா அடிப்பகுதியில. செல்லோவோட கீழ்க் கம்பி 65 ஹெர்ட்ஸ். சாதாரண ட்யூனிங்ல கிட்டாரோட கீழ்க் கம்பி 82. டூம் பேண்டுங்க அத இறக்கி ட்யூன் பண்ணுவாங்க, 'பி' ஸ்வரம் வரைக்கும் இறக்கினா 62க்குப் பக்கத்துல வந்துடும். ரெண்டு வாத்தியமும் ஒரே தரையில நிக்குது. அது போதாதுன்னு டிஸ்டார்ஷன் கிளப்புற மேல்ஸ்வரங்கள் நாலஞ்சு ஆயிரம் ஹெர்ட்ஸ் வரைக்கும் பரவி வயலினையும் மூடிடும். கிட்டார் வேகமா வெட்டி வெட்டி ரிஃப் (திரும்பத் திரும்ப வர்ற சின்ன கிட்டார் துண்டு) போட்டா ஆர்கெஸ்ட்ரா பின்னாடி ஒட்டின வால்பேப்பர் ஆயிடும். டூம் மெதுவா நகர்ற இசைங்கிறது இங்க கைகொடுக்குது. ஒரு கார்டை அடிச்சு நாலு விநாடி நீள விட்டா அது ஆர்கன் மாதிரி நிக்கும், அடி விழுந்து அடங்குற இடைவெளியில செல்லோ எட்டிப் பாக்கும். இன்னொண்ணு, கிட்டார் எழுதுறவரே செல்லோவும் வாசிக்கிறவர். ரெண்டுக்கும் சண்டை வராம இருக்கறதுக்கு அது முக்கியமான காரணம்னு நான் நினைக்கிறேன்.

வேகத்தப் பத்தியும் சொல்லிடறேன், நிறைய பேரு சலிச்சுப் போறது இதுலதான். நிமிஷத்துக்கு 60 பீட்டுன்னு வச்சுக்கோங்க. ஒரு விநாடிக்கு ஒரு தட்டு. நாலு தட்டு ஒரு பார், எட்டு பார் ஒரு வாக்கியம்னா 32 விநாடி. 120ல ஓடுற பாட்டுல அதே வாக்கியம் 16 விநாடில முடிஞ்சிருக்கும். வேகமான மெட்டல் கேட்டுப் பழகின காது 16வது விநாடில அடுத்தது வரும்னு எதிர்பாக்கும், வராது, உடனே "ஒண்ணுமே நடக்கல"ன்னு முடிவு பண்ணிடும். பாதி வாக்கியம்தான் கேட்டிருக்கீங்க. ஒரு பாட்ட மட்டும் கையால தட்டி எண்ணிக்கிட்டே கேளுங்க. ரெண்டு தடவை எண்ணினா காது நீளமா மூச்சு விடப் பழகிடும், அப்புறம் எண்ணவே வேண்டாம்.

அடுத்தது ஆறுதல் இல்லைங்கிற விஷயம். இத அவசரப்படாம சொல்றேன்.

ரெக்வியத்தோட லத்தீன் வாசகம் சாதாரணப் பூசை மாதிரி இல்ல. 'குளோரியா' கிடையாது, 'கிரேதோ' கிடையாது. அதாவது மகிமைப் பாட்டும் இல்ல, விசுவாச அறிக்கையும் இல்ல. 'ஆக்னுஸ் தேயி'ல வழக்கமா "எங்கள் மேல் இரக்கமாயிரும்"னு வர்ற இடத்துல "இவர்களுக்கு இளைப்பாற்றியைத் தாரும்"னு மாத்திடுவாங்க. மொத்தப் பார்வையும் செத்தவங்க மேல, 'இவர்கள்' மேல.

இப்ப இவங்க வச்ச தலைப்புகளப் பாருங்க. 'மெஸ்ஸோ ஃபோர்ட்டே' 'ரெக்வியம், கீரியே'ன்னு வழிபாட்டு முறைப்படி ஆரம்பிக்குது (கீரியேன்னா 'ஆண்டவரே, இரக்கமாயிரும்'ங்கிற ஜெபம்). நாலாவது பாட்டு 'அண்ட் ஐ ஆம் சஃபரிங்'. 'லாக்ரிமோசா'வுக்குப் பக்கத்துல 'அழுதழுது என் கண் தெரியல'ங்கிற அர்த்தத்துல ஒரு துணைத் தலைப்பு. 'ஃபோர்ட்டிஸ்ஸிமோ'வுல திரும்ப ஒரு 'லாக்ரிமோசா', துணைத் தலைப்பு 'கேதர் மீ', என்னைச் சேர்த்துக்கொள்ளும். 'இவர்கள்' போய் 'நான்' வந்தாச்சு. கல்லறைக்கு வெளிய நின்னு ஜெபிக்கிறவன் குரலு உள்ள கிடக்கிறவன் குரலா மாறுது. அதுதான் இந்த ஆல்பத்தோட கதை. ஊர், பேரு, சம்பவம்னு கதை தேடினா கிடைக்காது.

அந்த 'லாக்ரிமோசா'வக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாப்போம். இது தனிப் பாட்டு இல்ல. 'தியேஸ் ஈரே', கோபத்தின் நாள்ங்கிற நீளமான இடைக்காலப் பாட்டோட கடைசிப் பகுதி. கண்ணீர் நிறைஞ்ச அந்த நாள்ல குற்றவாளி மனுஷன் சாம்பல்லேர்ந்து எழுந்து தீர்ப்புக்குப் போவான்னு வரும். சாம்பலுக்கு லத்தீன்ல 'ஃபவில்லா'. அதே பாட்டோட முதல் பத்தியிலயும் இந்தச் சொல் உண்டு, உலகமே சாம்பலாக் கரையும்னு. சாம்பல்ல தொடங்கி சாம்பல்ல முடியுது. 'ஃபோர்ட்டிஸ்ஸிமோ'வோட பட்டியல்ல 'இன் விண்டர்ஸ் ஆஷ்', 'காட் இன் டஸ்ட்'னு ரெண்டு தலைப்பு இருக்கு. குளிர்காலச் சாம்பல், தூசிக்குள்ள கடவுள். மனசுல 'ஃபவில்லா'வ வச்சுக்கிட்டு அந்த ரெண்டையும் கேட்டீங்கன்னா சும்மா கோத்திக் அலங்காரத்துக்கு வச்ச பேரு இல்லன்னு புரியும்.

மெழுகுவத்தி, கல்லறை, கறுப்பு உடுப்புன்னு கோத்திக் மெட்டல் பொதுவா அலங்காரமாப் பயன்படுத்துற பொருள் எல்லாமே சர்ச்சுலேர்ந்து கடன் வாங்கினதுதான். இங்க அது திரும்பச் சொந்த வீட்டுக்குப் போயிருக்கு, அவ்வளவுதான்.

"கிறிஸ்தவத்துக்கு நம்பிக்கை வேணாமா?"ன்னு கேக்குறவங்க 88ம் சங்கீதத்த ஒரு தடவை படிச்சுப் பாருங்க. புலம்பல் சங்கீதம் நிறைய இருக்கு. அழுகையில ஆரம்பிச்சாலும் நடுவுல எங்கயாவது 'ஆனாலும் நான் உம்மை நம்புவேன்'ங்கிற மாதிரி ஒரு திருப்பம் பெரும்பாலும் வந்துடும். 88ல அது வரவே வராது. எபிரெய மூலத்துல கடைசிச் சொல்லே இருட்டுதான். வேதாகமமே அதுக்கு இடம் கொடுத்திருக்கிறப்ப ஒரு ஆல்பத்துக்குக் கொடுக்கக் கூடாதா? அதோட இந்த பேண்ட் 'நாங்க கிறிஸ்தவ பேண்ட்'னு பலகை மாட்டிக்கிட்டு விக்கல. அந்த லேபிள் பெரும்பாலும் கேக்குறவங்க ஒட்டினது. லேபிளப் பாத்து ஆராதனைப் பாட்டு எதிர்பாத்தா ஏமாற்றம்தான்.

சரி, நடைமுறைக்கு வருவோம். முதல் வேலை, ஷஃபிள ஆஃப் பண்ணுங்க. கூடவே கிராஸ்ஃபேடையும், அதாவது ஒரு பாட்டோட முடிவையும் அடுத்ததோட தொடக்கத்தையும் கலக்குற வசதிய. இதுல பாட்டு முடிஞ்ச பின்னாடி இருக்குற அமைதியும் இசைதான், கிராஸ்ஃபேட் அத முழுங்கிடும். ஸ்ட்ரீமிங் ஆப்ல 'வால்யூம் நார்மலைசேஷன்'னு ஒண்ணு இருக்கும். ஆல்பத்த வரிசையாக் கேட்டா சில ஆப் மொத்த ஆல்பத்துக்கும் ஒரே அளவுல ஏத்தி இறக்கும், அதுல பெரிய பாதகம் இல்ல. பிளேலிஸ்ட்ல கலந்து போட்டா ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாச் சமன் பண்ணிடும். மெதுவான பாட்டத் தூக்கி, சத்தமான பாட்ட இறக்கி, எல்லாம் ஒரே மட்டம். பேருலயே சத்த அளவு இருக்குற ஆல்பத்துக்கு இதவிட அநியாயம் கிடையாது. அதையும் ஆஃப் பண்ணிடுங்க.

வால்யூம் வைக்கிறதுல எல்லாரும் பண்ற தப்பு ஒண்ணு இருக்கு. மெதுவான தொடக்கத்தக் கேட்டு "கேக்கலயே"ன்னு ஏத்துவாங்க, கிட்டார் விழுந்ததும் பதறி இறக்குவாங்க, அப்புறம் ஆல்பம் முழுக்கக் கை வால்யூம்லயே இருக்கும். ஆல்பத்துல அதிகமாச் சத்தம் வர்ற இடத்த முதல்ல போட்டு, காது வலிக்காத அளவுல வச்சுட்டு, தொடக்கத்துக்குப் போங்க. அதுக்கப்புறம் தொடாதீங்க. மெதுவான இடம் கேக்கலன்னா அறையில சத்தம் ஜாஸ்தின்னு அர்த்தம். ஃபேன நிறுத்துங்க, இல்லன்னா ராத்திரி கேளுங்க. ஃபோன் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். முன்னாடி சொன்ன 65, 82 ஹெர்ட்ஸ் எல்லாம் அதுல வராது, செல்லோ கொசு மாதிரி கேக்கும். காத மூடுற சாதாரண ஹெட்ஃபோன் போதும்.

வரிசை. மெட்டல்லேர்ந்து வர்றவங்களுக்கு 'ஃபோர்ட்டிஸ்ஸிமோ'வ முதல்ல கொடுக்காதீங்க. நல்லாத்தான் இருக்கும், ஆனா தனியாக் கேட்டா வழக்கமான டெத்-டூம் மாதிரிதான் படும், அதுல வர்ற கிரௌல் எதுலேர்ந்து உடைஞ்சு வந்ததுன்னு தெரியாது. 'மெஸ்ஸோ ஃபோர்ட்டே'லயே திரும்ப ஆரம்பிங்க. முதல் தடவை வரிகளப் பாக்காதீங்க, குரல மட்டும் பின்தொடருங்க. ஆண் உறும, பெண் பாடங்கிற கோத்திக் மெட்டல் வாய்ப்பாட்டுக்கு இங்க வேலை இல்ல. சொப்ரானோ (உச்ச ஸ்தாயிப் பெண் குரல்) பாடகி தனியா இருக்காங்க, ஆனா ரோவன் லண்டனோட குரலே மென்மையான உச்ச ஸ்தாயிலேர்ந்து கதறல் வரைக்கும் ஒரே ஆளாப் போய் வரும். ரெண்டாவது தடவை வரிகள எடுத்துக்கோங்க. அப்புறம் 'பியானிஸ்ஸிமோ'. 'மெஸ்ஸோ ஃபோர்ட்டே'ல கேட்ட உணர்வு கிட்டாரே இல்லாம வர்றது அப்ப காதுல உறைக்கும். 'ஃபோர்ட்டிஸ்ஸிமோ' கடைசி. இதெல்லாம் முடிஞ்ச பிறகு ஒரு நாள் மூணையும் அவங்க நினைச்ச வரிசைல, சத்தம் கம்மிலேர்ந்து ஜாஸ்திக்கு, ஒரே இருப்புல கேளுங்க. மூணையும் முதல் நாளே போடாதீங்க, காது மரத்துப் போய் கடைசி ஆல்பம் வெறும் இரைச்சலாத் தெரியும்.

குறையே இல்லையான்னா, இருக்கு. 'மெஸ்ஸோ ஃபோர்ட்டே'வோட நடுப்பகுதியில ரெண்டு மூணு இடம் தேவைக்கு மேல இழுக்குது, சோகம் சோகம்னு ஒரே நிறத்துல. அங்க மனசு அலைஞ்சா உங்களக் குத்தம் சொல்லிக்காதீங்க.

கேள்வியோட கடைசியில "இதே மாதிரி வேற?"ன்னும் கேட்டிருக்காங்க. சத்தத்த இன்னும் கனமாத் தாங்குவீங்கன்னா மெல்போர்ன் பேண்ட் பாராமேசியம், 1993ல வந்த 'எக்ஸ்யூம்ட் ஆஃப் தி எர்த்'. முதல் பாட்டே கால் மணி நேரத்துக்கு மேல, இயேசு பிறப்பையும் ஏரோது குழந்தைகளக் கொன்னதையும் ஒரே மூச்சுல சொல்லும். நாடகத்தனம் பிடிக்கும்னா அமெரிக்க பேண்ட் சேவியர் மெஷின், வெளிப்படுத்தின விசேஷத்த வச்சு 1997லேர்ந்து போட்ட 'லெஜெண்ட்' வரிசை. அதுல குரல்தான் எல்லாம், கிட்டார் துணைக்குத்தான். ரெண்டுல எத எடுத்தாலும் 'ரெக்வியம்' கேட்டு ரெண்டு மூணு நாள் கழிச்சு எடுங்க.