பச்சை வண்டிப் படம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை மாலையை எங்களுக்காக ஒதுக்கி இந்தப் பினாங்கு மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

"படத்தில் வரும் காரைப் பார்த்து அது எந்தப் படம் என்று சொல்வது ஞாபகசக்தியா, ரசனையா?" இதுதான் இன்றைய தலைப்பு. ரசனையே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணியில் முதலில் பேசிய தம்பி, "இது போன் நம்பரை மனப்பாடம் செய்வது மாதிரி. காரின் முத்திரை தெரிந்தால் போதும், மீதியைக் கிளிப்பிள்ளையும் சொல்லும்" என்றார். அடுத்து வந்த அக்கா, "அம்பாசடர் வராத பழைய படம் உண்டா? ஓர் அம்பாசடரைக் காட்டினால் எந்தப் படம் என்று சொல்வீர்கள்?" என்று கேட்டு மண்டபமே கைதட்ட உட்கார்ந்தார். நல்ல கேள்வி அக்கா, நானும்தான் கைதட்டினேன். அதற்கு வருகிறேன். முதலில் தம்பி.

என் அப்பா பட்டர்வொர்த்தில் கார் பட்டறை வைத்திருந்தவர். வீடியோ கேசட் காலத்தில் சனிக்கிழமை இரவு வீட்டில் படம் ஓடும். திடீரென்று எழுந்து போய், டிவியில் நடிகர் முகம் இருக்கும் இடத்தைக் கையால் மறைத்துவிடுவார். எத்தனை முறை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் கருப்பு எண்ணெய் போகாத கை அது. அந்தக் கைக்குக் கீழே கார் மட்டும் தெரியும். "முகத்த விடு. இந்தக் காடிய ஓட்டுறவன் எப்படிப்பட்டவன், சொல்லு" என்பார். அப்பா படத்தின் பெயரைக் கேட்க மாட்டார், ஓட்டுகிறவனின் குணத்தைத்தான் கேட்பார். அதைச் சொல்லிவிட்டால் படத்தின் பெயர் தானாக வரும். நான் விளையாடிய விளையாட்டு இது, நடுவர் அவர்களே.

முத்திரை தெரிந்தால் போதும் என்றாரே தம்பி, 1968-இல் வந்த 'புல்லிட்' படத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்டீவ் மெக்வீன் ஓட்டும் பச்சை ஃபோர்டு மஸ்டாங். மஸ்டாங் என்றால் முகப்பில் ஓடும் குதிரைச் சின்னம் இருக்க வேண்டும். இந்தப் படத்துக்காக அந்தக் குதிரையைக் கழற்றிவிட்டார்கள். முத்திரை இல்லாத, மொட்டையான முகம். அதிகம் பேசாத, தன்னை விளம்பரப்படுத்திக்கொள்ளாத ஒரு போலீஸ்காரனுக்கு அப்படிப்பட்ட காரைத்தான் கொடுக்க வேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். முத்திரையே இல்லாத அந்தக் காரை அரை நூற்றாண்டு கழித்தும் உலகம் அடையாளம் கண்டுகொள்கிறது. படத்துக்குப் பிறகு ஒரு சாதாரண குடும்பம் அதை வாங்கியது. அந்த வீட்டு அம்மா ஓர் ஆசிரியை, பள்ளிக்கூடத்துக்கு அதை ஓட்டிப்போனார். 2020 ஜனவரியில் அது ஏலத்துக்கு வந்தபோது கட்டணத்தோடு சேர்த்து 37 லட்சம் டாலருக்கு மேல் போனது. ஏலம் கேட்டவர்கள் எந்த முத்திரைக்கு விலை சொன்னார்கள், தம்பி?

அந்தப் படத்தில் துரத்திப்போகிற காட்சியைக் கவனித்துப் பாருங்கள். ஒரே பச்சை ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரைத் திரும்பத் திரும்பக் கடந்து போவார்கள். வில்லனின் டாட்ஜ் சார்ஜரில் நாலு சக்கரத்துக்கு இருக்க வேண்டியதைவிட அதிகமான வீல் கேப்கள் கழன்று உருளும். ஒரே ஓட்டத்தைப் பல கோணத்தில் எடுத்து, வெட்டி ஒட்டியதால் வந்த பிசகு. அப்பா கேசட்டைப் பின்னால் ஓட்டி ஓட்டி விரல் விட்டு எண்ணினார். குறை சொல்ல இல்லை. எங்கே கேமரா வைத்தார்கள், எந்தச் சரிவில் திருப்பி ஓட்டினார்கள் என்று அந்த வீல் கேப்பை வைத்தே எனக்குச் சொல்லிக் கொடுத்தார். படம் எப்படிக் கட்டப்படுகிறது என்பதை நான் கற்றது அங்கேதான்.

சரி, இன்னொரு படம். 1971-இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் டிவிக்காக எடுத்த 'டூயல்'. சிவப்பு பிளிமத் காரில் தனியாகப் போகும் ஒரு மனிதனைத் துருப்பிடித்த பெரிய லாரி ஒன்று விரட்டுகிறது. லாரி ஓட்டுபவனின் முகத்தைக் கடைசி வரை காட்ட மாட்டார்கள். கை தெரியும், பூட்ஸ் தெரியும், அவ்வளவுதான். ஸ்பீல்பெர்க் பல லாரிகளை வரிசையாக நிறுத்திப் பார்த்து, நடிகரைத் தேர்ந்தெடுப்பதுபோல் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அந்தப் பழைய பீட்டர்பில்ட்டின் நீண்ட மூக்கும் இரண்டாகப் பிரிந்த முன்கண்ணாடியும் ஒரு மனித முகம் மாதிரி இருந்தனவாம். அதன் முன் பம்பரில் வெவ்வேறு மாநிலங்களின் நம்பர் பிளேட்டுகளை மாட்டினார்கள். இதற்கு முன் இது வேறு ஊர்களிலும் ஆளை விரட்டியிருக்கிறது என்று அந்தத் தகரத் துண்டுகளே சொல்லிவிடுகின்றன, ஒரு வசனம் இல்லாமல். இந்தப் படத்தை லாரியை வைத்துக் கண்டுபிடிக்காமல் வேறு எதை வைத்துக் கண்டுபிடிப்பது? முகமே இல்லையே!

1985-இல் வந்த 'பேக் டு த ஃபியூச்சர்' படத்தில் காலம் கடந்து போகும் டிலோரியன் காரை இங்கே எல்லோருக்கும் தெரியும், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். கால எந்திரத்தை முதலில் ஒரு குளிர்சாதனப் பெட்டிக்குள்தான் எழுதியிருந்தார்கள். பிறகுதான் காராக மாற்றினார்கள். ஏன் டிலோரியன்? துருப்பிடிக்காத எஃகு உடம்பு, பறவை இறக்கை மாதிரி மேலே திறக்கும் கதவு. 1955-க்குப் போய் இறங்கும்போது ஒரு விவசாயக் குடும்பம் அதை விண்கலம் என்று நினைத்து நடுங்க வேண்டும். கதையின் ஒரு நகைச்சுவைக் காட்சி முழுவதும் அந்தக் கதவில் தொங்குகிறது. வட அயர்லாந்தில் ஏறக்குறைய 9,000 கார்கள் செய்து 1982-லேயே நொடித்துப்போன கம்பெனி அது. கடையை மூடிய கம்பெனியின் காரை உலகம் இன்னும் மறக்கவில்லை என்றால், கார் அந்தக் கதைக்குள் அவ்வளவு சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று பொருள்.

இப்போது அக்காவின் அம்பாசடர்.

அக்கா, நீங்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது. 1950-களின் கடைசியில் தொடங்கி 2014 வரை, மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில், ஏறத்தாழ அதே உருவத்தில் வந்துகொண்டிருந்த கார். வெறும் அம்பாசடரைக் காட்டினால் நானும் திணறுவேன். ஞாபகசக்தி தோற்கிற இடம் அது, ரசனை தொடங்குகிற இடமும் அதுதான். முகப்பு கிரில்லைப் பார்க்கணும். மார்க் 2-க்கு ஒரு மாதிரி, மார்க் 3-க்கு வேறு மாதிரி. அதில் எந்தக் காலத்து வண்டி என்று பிடிபடும். வெள்ளை அடித்து முன்னால் கொடி கட்டியிருந்தால் மந்திரி வருகிறார். மஞ்சளும் கறுப்பும் என்றால் டாக்சி. அதே 1985 தீபாவளிக்கு வந்த 'படிக்காதவன்' படத்தில் ரஜினி டாக்சி ஓட்டுவார், அந்த டாக்சிக்கு லட்சுமி என்று பெயர். அது என்ன மாடல் என்று இந்த மண்டபத்தில் கேட்டால் பாதிப் பேர் யோசிப்பீர்கள். லட்சுமி என்று சொன்னதும் எத்தனை தலை நிமிர்ந்தது, பாருங்கள்! கம்பெனிப் பெயர் மறந்தாலும் அவள் பெயர் மறக்கவில்லை.

நம்பர் பிளேட் இன்னொரு கதவு. 'காலா' படத்தின் முதல் போஸ்டர் 2017-இல் வந்தது. ரஜினி ஒரு மஹிந்திரா ஜீப் மேல் உட்கார்ந்திருப்பார். பிளேட்டில் எம்எச் 01 பிஆர் 1956. எம்எச் மகாராஷ்டிரம், கதை நடக்கிற மும்பை. பிஆர் என்றால் பீமராவ் ராம்ஜி, 1956 அம்பேத்கர் மறைந்த ஆண்டு என்று ரசிகர்கள் படித்தார்கள். படத்தின் அரசியல் மொத்தமும் அந்த ஒரு பலகையில் இருந்தது. படம் வருவதற்கு ஒரு வருடம் முன்பே அதைப் படித்தவர்களிடம் போய் மனப்பாடம் என்று சொல்ல முடியுமா? வராத படத்தை எப்படி மனப்பாடம் செய்வது?

நம் மலேசியாவுக்கு வாருங்கள். பிளேட்டில் முதல் எழுத்து பி என்றால் பினாங்கு, ஏ என்றால் பேராக், டபிள்யூ என்றால் கோலாலம்பூர், எச் என்றால் டாக்சி. எழுபதுகளின் தோட்டப்புறக் கதை என்று சொல்லிக்கொண்டு ஓடும் படத்தில், பின்னால் ஒரு புரோட்டான் சாகா கார் போனால் எனக்கு நெஞ்சு வலிக்கும். சாகா வந்ததே 1985 ஜூலையில்தான், நம் பினாங்குப் பாலம் திறந்த அதே வருடம். அப்புறம் ஒரு கஞ்சில் கார் குறுக்கே போனால் கேட்கவே வேண்டாம், அது வந்தது 1994-இல். லயத்து வீட்டையும் பால்மரத்தையும் அவ்வளவு பாடுபட்டுத் தேடியவர்கள், தெருவில் போகிற வண்டியை விட்டுவிட்டார்களே என்று ஆதங்கமாக இருக்கும். அந்த ஆதங்கம் இருப்பவன்தான் ரசிகன். நம் இளைஞர்கள் இங்கே சொந்தமாகப் படம் எடுக்கிறார்கள், கையில் காசு குறைவு. பழைய டட்சன் ஒன்றைத் தேடிப்பிடித்து, ஓடவைத்து, ஒரே ஒரு காட்சியில் நிறுத்துகிறவர்களின் உழைப்பை யாராவது கவனிக்க வேண்டாமா? பெயர்ப் பட்டியல் ஓடும்போது நாம் எழுந்து போய்விடுகிறோம். அந்த வண்டியைப் பார்த்து "அட, இது அந்தப் படம்" என்று சொல்கிற ஒருவராவது அவர்களுக்கு வேண்டும்.

மணி அடித்துவிட்டார்கள், ஒரு நிமிடம் கொடுங்கள்.

அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. போன வருடம் கண்புரை அறுவை நடந்தது. ஒரு கண்ணில் கட்டு, இன்னொரு கண்ணில் அகற்றாத புரை. சாய்வு நாற்காலியில் சும்மா இருக்க முடியாமல் தவித்தார். நான் 'புல்லிட்' படத்தைப் போட்டேன், பெயர் சொல்லவில்லை. அந்தத் துரத்தல் சூடுபிடித்ததும் பின்னணி இசை நின்றுவிடும். பிறகு எஞ்சின் சத்தமும் டயர் சத்தமும் மட்டும்தான். அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"ரெண்டு காடி. ரெண்டும் எட்டு சிலிண்டர். கியரக் கொறச்சு எறக்குறான் பாரு, மேட்டு ரோடு."

கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பச்ச வண்டிப் படம். அந்தப் பையன் பேரு என்னம்மா? வர மாட்டேங்குது" என்றார்.

நான் எடுத்துக் கொடுத்தேன்.

"ஆமா, அவன்தான். சத்தத்தக் கொஞ்சம் கூட்டு" என்றார்.

நன்றி, வணக்கம்.