பூனை கண்ணை மூடும் ஞாயிறு

நேயர்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம். கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் 34 ஆண்டுகள் மெய்ப்புத் திருத்துநராகப் பணியாற்றியவன் நான். வாரத்தில் ஆறு நாட்கள் எழுத்துப் பிழைகளுக்கே கண்ணைக் கொடுத்துவிட்ட எனக்கு, ஞாயிற்றுக்கிழமைக் காலை ஒன்றுதான் சொந்தமாக இருந்தது. அந்தக் காலையை நெடுங்காலமாக எங்கள் வீட்டுப் பூனைகளோடு பகிர்ந்துகொண்டு வருகிறேன். பணி ஓய்வு பெற்ற பிறகும் ஞாயிற்றின் அந்த நிதானத்தை மட்டும் நான் விடவில்லை. அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஞாயிறு என்பது நமக்குத்தான். பூனைக்குக் கிழமை கிடையாது. விடியலுக்கு முந்திய மங்கலிலும் அந்தி மயங்கும் பொழுதிலும் பூனையின் உடல் தானாகவே விழித்துக்கொள்கிறது. பகலின் பெரும்பகுதியும் நள்ளிரவும் உறக்கத்திலேயே கழிகின்றன. ஆகவேதான், இன்னும் ஒரு மணி நேரம் தூங்கலாம் என்று நான் புரண்டு படுக்கும் ஐந்தேகால் மணிக்கு, எங்கள் பொன்னி கட்டிலில் ஏறி, நகங்களை உள்ளே இழுத்துக்கொண்டு, முன்னங்காலின் மெத்தென்ற அடியை என் இமையின்மீது வைத்து, எடுத்து, மறுபடியும் வைக்கிறாள். அந்தத் தொடுகை குளிர்ந்தும் சற்றே ஈரமாகவும் இருக்கும். கண்ணைத் திறந்தால் அவளுடைய மீசை என் மூக்கின் நுனியில் இருக்கும்.

குறுந்தொகையின் 107ஆம் பாடலில், தலைவனோடு துயின்ற இனிய உறக்கத்தைக் கூவிக் கலைத்த சேவலை ஒரு தலைவி சபிக்கிறாள். நள்ளிருளில் வீட்டெலியைப் பார்த்திருக்கும் இளம் வெருகுக்கு நீ இரையாகித் துன்பப்படுவாயாக என்று அவள் சொல்கிறாள். வெருகு என்றால் காட்டுப்பூனை. பணியில் இருந்த காலத்தில் அந்தப் பாடலை மெய்ப்பிலே பலமுறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் என் மனத்தில் தங்கியது தலைவியின் கோபத்தைவிட, எலி வரும் வழியைப் பார்த்தபடி இருளில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் அந்தப் பூனைதான். அந்த அசையாமையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் அதற்கு மறுபடியும் வருவேன்.

விடியற்காலையில் எழுப்பும் பூனையை என்ன செய்வது என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். கத்தியவுடன் எழுந்து உணவு வைத்தால், கத்தினால் உணவு வரும் என்று அது கற்றுக்கொள்ளும். அடுத்த வாரம் நாலே முக்காலுக்கே வந்து நிற்கும். வேட்டை, உணவு, உடலை நக்கிச் சுத்தம் செய்தல், பிறகு உறக்கம் என்பதுதான் பூனையின் ஒழுங்கு. எனவே நாங்கள் இரவு படுக்குமுன் ஒரு சணல் கயிற்றைத் தரையில் இழுத்து அவற்றைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, அதன் பிறகே கடைசி உணவை வைக்கிறோம். அப்படிச் செய்த இரவுகளில் பொன்னி ஆறு மணி வரை பொறுக்கிறாள்.

எங்கள் வீடு முற்றம் வைத்த பழைய ஓட்டு வீடு. காலை எட்டு மணியளவில் மேற்குத் தாழ்வாரத்துத் தூணடியில் ஒரு பாய் அகலத்துக்கு வெயில் விழும். பத்து மணிக்குள் அது மெல்ல நகர்ந்து முற்றத்தின் நடுவுக்கு வந்துவிடும். பூனைகளும் வெயிலோடு நகர்கின்றன. பூனையின் உடல் வெப்பம் 38 முதல் 39 பாகை செல்சியஸ் வரை, அதாவது நம்முடையதைவிடச் சற்று அதிகம். நமக்கு உறைக்கும் வெயில் அதற்கு இதமாக இருக்கிறது. நான் காபித் தம்ளரோடும் செய்தித்தாளோடும் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருப்பேன். கரியன் வந்து, நான் படித்துக்கொண்டிருக்கும் பக்கத்தின்மீதே படுப்பான். நான் அவனை நகர்த்துவதில்லை. அடுத்த தாளை எடுத்துக்கொள்வேன்.

இங்கே ஒரு பழமொழியோடு எனக்குள்ள நெடுநாள் வழக்கை உங்கள் முன் வைக்க வேண்டும். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுவிடுமா என்று நாம் சொல்கிறோம். தன்னை ஏமாற்றிக்கொள்ளும் அறியாமைக்கு அதை உவமையாக்கிவிட்டோம். ஆனால் பூனை நம் எதிரில் கண்ணை மூடுவது அறியாமையினால் அன்று. ஒவ்வோர் ஓசைக்கும் காதைத் திருப்பும் அந்தச் சிறு விலங்கு, இவர் அருகில் இருக்கும்போது நான் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை என்று தீர்மானித்த பிறகுதான் இமையைத் தாழ்த்துகிறது. 2020ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மனிதர் பூனையைப் பார்த்துக் கண்களைச் சுருக்கி மெதுவாக இமைத்தால், பூனையும் பெரும்பாலும் அவ்வாறே இமைக்கிறது. முன்பின் அறியாத ஒருவர் அப்படி இமைத்தாலும், அவர் நீட்டிய கையை நோக்கி வர அது கூடுதலாக விரும்புகிறது என்று கண்டார்கள்.

இதை நான் ஆய்விலிருந்து கற்கவில்லை, வேம்புவிடம் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன், எங்கள் கொல்லைச் சுவரில் வேப்பங்கிளையின் கீழ் ஒரு சாம்பல் நிற வரிப்பூனை வந்து உட்காரத் தொடங்கியது. அதன் இடது காதின் நுனி நேராக வெட்டப்பட்டிருந்தது. தெருப் பூனைகளுக்குக் கருத்தடை செய்தவர்கள் அடையாளத்துக்காக அப்படிச் செய்வதுண்டு. யாரோ அதைப் பிடித்திருக்கிறார்கள், அதன் பிறகு அது மனிதரை நம்பவில்லை. உணவு வைத்தால் நான் உள்ளே போன பிறகே இறங்கும், அழைத்தால் ஓடிவிடும்.

முதல் இரண்டு ஞாயிறுகளில் நான் செய்த தவறு, அதை உற்றுப் பார்த்ததுதான். உற்றுப் பார்ப்பது பூனையின் மொழியில் மிரட்டல். மூன்றாவது ஞாயிறு, கொல்லைப்படியில் பக்கவாட்டாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை தற்செயலாக நிமிர்ந்து, தூக்கக் கலக்கத்தில் மெதுவாக இமைத்தேன். சுவரின்மேல் இருந்த அது என்னைப் பார்த்து ஒருமுறை இமைத்தது. நான் அழைக்கவில்லை, கையை நீட்டவில்லை. முன்பு சொன்ன அந்த வெருகின் அசையாமையை அன்றுதான் என் உடம்பில் நான் பழகத் தொடங்கினேன். நான்காவது வாரம் அது சுவரிலிருந்து துணி துவைக்கும் கல்லுக்கு இறங்கியது. ஐந்தாவது வாரம் மழை, வரவில்லை. ஆறாவது வாரம் கல்லிலிருந்து படியின் அடி வரை வந்து, முதுகைக் காட்டி உட்கார்ந்தது. முதுகைக் காட்டினால் அலட்சியம் என்று நினைக்காதீர்கள்; அஞ்சும் பூனை முதுகைக் காட்டாது. ஏழாவது ஞாயிறு, காலை ஒன்பது மணிக்கு, அது என் கணுக்காலில் தலையை ஒருமுறை உரசிவிட்டு, விரித்த செய்தித்தாளின்மீது ஏறி உட்கார்ந்து, என்னைப் பார்த்துக் கண்ணை மூடியது. என் துணைவியார் இரண்டாவது காபியைக் கொண்டு வந்தவர், நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். காபி ஆறியது. மூவரும் அப்படியே இருந்தோம்.

வேம்பு அதன் பிறகு 9 ஆண்டுகள் எங்களோடு வாழ்ந்தாள். உரத்த குரலில் அவள் ஒருநாளும் கத்தியதில்லை. வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் மியாவ் என்று பேசிக்கொள்வது அரிது. குட்டி தாயை அழைக்கும் அந்தக் குரலை அவை மனிதருக்காகவே தக்கவைத்துக்கொள்கின்றன. மடியில் ஏறியதும் முன்னங்கால்களால் மாறி மாறி மாவு பிசைவதுபோல் அழுத்துவதும் அப்படித்தான். பால் சுரக்கத் தாயின் வயிற்றை அழுத்திய பழக்கம் அது. என் வேட்டியில் அவளுடைய நகம் இழுத்த நூல்கள் இன்றும் இருக்கின்றன.

பூனையின் தொண்டைக்குள் குர்ர் என்று மெல்ல எழும் உறுமலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். நேரம் குறைவாக இருப்பதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் தொடரும் அந்த ஒலி எப்போதும் மகிழ்ச்சியின் அடையாளம் அன்று. வலியிலும் நோயிலும்கூடப் பூனை அப்படி உறுமும். உணவைத் தொடாமல் மூலையில் ஒதுங்கி உறுமினால், திங்கட்கிழமை வரை காத்திராமல் அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

உணவைப் பற்றியும் விரைவாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் புலால் சமைப்பதில்லை. ஆயினும் பூனைக்குத் தனிப் பாத்திரத்தில் மீன் அவிகிறது. தயிர்ச்சோறு மட்டும் கொடுத்து வளர்க்காதீர்கள். டாரின் என்ற சத்து பூனைக்கு ஊனிலிருந்துதான் கிடைக்க வேண்டும். அது குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை, தண்ணீர் வையுங்கள். வெங்காயமும் பூண்டும் சேர்ந்த எதையும் கொடுக்க வேண்டாம். காய்ச்சல் என்று நினைத்துப் பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள், ஒரு மாத்திரையே பூனையின் உயிரைப் பறிக்கும். இதை மறுபடியும் சொல்கிறேன்: பாராசிட்டமால் கூடாது.

கண்ணாடிக்கு அப்பால் இருந்து நேரம் முடிந்தது என்று கையைக் காட்டுகிறார்கள். குட்டிகளைப் பற்றிப் பேச முடியவில்லை. வரும் ஞாயிறு உங்கள் பூனை எதிரில் வந்து உட்கார்ந்தால், அழைக்காமல், ஒருமுறை மெதுவாக இமைத்துப் பாருங்கள். வணக்கம்.