பணம் வரும் நாள் தெரியாத பள்ளிகள்

அவைத்தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, பள்ளி மேலாண்மைக் குழுக்களில் பொறுப்பேற்றிருக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

அரசுப் பள்ளிகளுக்குப் போதிய பணம் ஒதுக்கப்படுகிறதா என்று மேடைதோறும் கேட்கிறோம். ஒதுக்கிய பணம் எந்த மாதத்தில் பள்ளியின் வங்கிக் கணக்குக்கு வந்து சேர்கிறது என்று கேட்பதில்லை. பணம் குறைவதைக் காட்டிலும், அது வருமா வராதா என்ற ஐயமே பள்ளியை அதிகம் முடக்குகிறது என்பது என் கருத்து.

ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தின் செலவில் ஒன்றிய அரசு 60 விழுக்காடும் மாநில அரசு 40 விழுக்காடும் ஏற்க வேண்டும் என்பது ஏற்பாடு. தேர்ந்தெடுத்த பள்ளிகளை மாதிரிப் பள்ளிகளாக மேம்படுத்தும் ஒன்றிய அரசின் பி.எம்.ஸ்ரீ திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாத நிலையில், 2024-25ஆம் ஆண்டுக்கான ஒன்றியப் பங்கு நிறுத்திவைக்கப்பட்டது. வட்டியோடு சேர்த்து 2,291 கோடி ரூபாய் கேட்டு, 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. கொள்கையில் யார் பக்கம் நியாயம் என்பதில் இந்த அவையிலேயே இரு கருத்துகள் இருக்கலாம். ஆனால் நடப்பில் இருக்கும் ஒரு திட்டத்தின் பணத்தை வேறொரு திட்டத்துக்கான இசைவோடு முடிச்சுப் போடுவதை என்னால் ஏற்க இயலவில்லை. வருமான வரியோடு நாம் செலுத்தும் 4 விழுக்காடு சுகாதார, கல்வி மேல்வரியும் மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கும் தொகுப்பில் சேராமல் ஒன்றிய அரசிடமே தங்கிவிடுகிறது என்பதை இங்கே நினைவில் கொள்வது நல்லது.

இந்த இழுபறியின் சுமை யார் தலையில் இறங்குகிறது? நிரந்தர ஆசிரியரின் ஊதியத்தில் கை வைக்க எந்த அரசும் எளிதில் துணியாது. ஆகவே, தொகுப்பூதியத்தில் பணிபுரியும் பகுதிநேர ஆசிரியர்களும், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர்களும், பள்ளியின் அன்றாடச் சில்லறைச் செலவுகளுமே முதலில் அடிபடுகின்றன. 101 முதல் 250 பிள்ளைகள் வரை படிக்கும் பள்ளிக்கு ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தில் ஆண்டு மானியம் 50,000 ரூபாய். சுண்ணக்கட்டி, துடைப்பம், குழாய்ப் பழுது, ஆய்வகப் பொருள்கள் எல்லாவற்றுக்கும் இதுவே ஆதாரம். இத்தொகை ஜூனில் வந்தால் தலைமையாசிரியர் திட்டமிட்டுச் செலவிடுவார். பிப்ரவரியில் வந்தால், மார்ச் 31க்குள் கணக்கு முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில், தேவையானதை விட்டுக் கிடைப்பதை வாங்குவார். இடைப்பட்ட மாதங்களின் செலவு அவருடைய சொந்தப் பையிலிருந்து போவதை இங்கே அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர்கள் அறிவார்கள்.

ஊர் கூடிக் கொடுக்கலாமே என்பார்கள். காமராசர் ஆட்சியில், நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராக இருந்தபோது, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் வழியே மக்கள் கட்டடமும் பலகையும் சீருடையும் தந்தார்கள். அது பெருமைக்குரிய வரலாறு. ஆனால் அன்று ஊர் கொடுத்தது அரசின் செலவுக்கு மேலதிகமாகவே அன்றி, அதற்கு ஈடாக அன்று. அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்ட 2022இல் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தையும் அந்த அளவோடுதான் வரவேற்க வேண்டும். வெளிநாட்டில் வாழும் முன்னாள் மாணவர்களைக் கொண்ட நகரத்துப் பள்ளிக்கு நன்கொடை குவியும். மலையடிவாரத்தில் முப்பது பிள்ளைகளோடு இயங்கும் ஈராசிரியர் பள்ளிக்கு யார் தருவார்கள்? நன்கொடையை நம்பி நிதிநிலையை அமைத்தால், தேவை மிகுந்த பள்ளிக்கே குறைவாகக் கிடைக்கும்.

எனவே மாநில அரசிடம் நம் கோரிக்கை ஒன்றுதான்: ஒன்றியப் பங்கு வந்தாலும் வராவிட்டாலும், பள்ளி மானியத்தை ஜூன் மாதத்திலேயே தன் நிதியிலிருந்து முழுமையாக விடுவித்துவிட்டு, வர வேண்டியதைப் பின்னர் ஈடுசெய்துகொள்ள வேண்டும். மேலாண்மைக் குழுவினர் தம் பள்ளிக்கு மானியம் வந்து சேர்ந்த தேதியையும் தொகையையும் அறிவிப்புப் பலகையில் எழுதிவைத்து, மே 1 கிராமசபையில் இக்கோரிக்கையைத் தீர்மானமாக நிறைவேற்றித் தர வேண்டுகிறேன்.