‘பாதிப் பேர் லேட்டாத்தான் வர்றீங்க!’: இந்த ஒரு வாக்கியம் செய்யும் வேலை

[திரையில்: காலை பிரேயர். மைக் முன்னால் தலைமையாசிரியர்.]

தலைமையாசிரியர்: "எத்தனை தடவ சொல்றது? இந்த ஸ்கூல்ல பாதிப் பேர் லேட்டாத்தான் வர்றீங்க!"

பின்னணிக் குரல்: அவர் கண்டிக்கிறார். ஆனால் வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் காதில் விழுவது கண்டிப்பு மட்டும் இல்லை, ஒரு புள்ளிவிவரமும்தான். 'பாதிப் பேர் லேட்டாத்தான் வர்றாங்களா? அப்ப நான் மட்டும் எதுக்கு ஓடி வரணும்?'

சமூக வழக்கம் என்பதை உளவியலில் இரண்டாகப் பிரிப்பார்கள். மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நாம் நம்புவது ஒன்று. எதைச் செய்தால் மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று நம்புவது இன்னொன்று. முதலாவதை 'நடப்பு' என்றும் அடுத்ததை 'எதிர்பார்ப்பு' என்றும் இந்த வீடியோவில் வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே பக்கம் இழுத்தால் நோட்டீஸ் போர்டே தேவையில்லை. எதிரெதிராக இழுத்தால் பெரும்பாலும் நடப்புதான் ஜெயிக்கும்.

[திரையில்: அரிசோனாவின் கல்மரப் பூங்கா. தரையில் கல்லாய் மாறிய மரத்துண்டுகள்.]

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஒரு கல்மரத் தேசியப் பூங்கா இருக்கிறது. வருகிறவர்கள் கல்மரத் துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் சக ஆய்வாளர்களும் பாதையோரம் அடையாளமிட்ட துண்டுகளைப் போட்டுவைத்து, இரண்டு விதமான பலகைகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். "முன்பு வந்தவர்களில் பலர் எடுத்துச் சென்றுவிட்டதால் பூங்காவின் இயல்பே மாறிவிட்டது" என்ற பொருளில் ஒரு பலகை. "தயவுசெய்து எடுக்காதீர்கள்" என்று மற்றொன்று. இரண்டாவது பலகை இருந்தபோது காணாமல் போனவை 1.67 சதவீதம். முதல் பலகை இருந்தபோது 7.92 சதவீதம். திருட்டைத் தடுக்க வைத்த பலகை, திருடுவது இங்கே சகஜம் என்று விளம்பரம் செய்துவிட்டது.

பிரேயரில் நடப்பதும் இதுதான். தலைமையாசிரியர் கேட்டில் ஒரு வாரம் எண்ணிப் பார்க்கட்டும். 500 பேரில் 430 பேர் மணி அடிப்பதற்குள் வந்திருந்தால், அந்த 430-ஐ மைக்கில் சொல்லட்டும். மீதி 70 பேரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசட்டும். பஸ் நேரமா, தம்பியைப் பால்வாடியில் விட்டு வர வேண்டியிருக்கிறதா என்று அப்போதுதான் தெரியவரும்.

'ஃபைன் போட்டா தானா வருவாங்க' என்று ஒரு யோசனை உடனே எழும். அதையும் பார்த்திருக்கிறார்கள். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் 10 பகல்நேரக் காப்பகங்களில் 20 வாரம் நடந்த ஆய்வு அது. யூரி நீஸியும் ஆல்டோ ருஸ்டிகினியும் 2000-இல் வெளியிட்டார்கள். மாலை 4 மணிக்குப் பிள்ளையைக் கூட்டிப்போக வேண்டும். 6 காப்பகங்களில், 10 நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் 10 ஷெகல் (இஸ்ரேல் பணம்) அபராதம் என்று அறிவித்தார்கள். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரண்டு மடங்கானது. 17-ஆம் வாரம் அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

காரணம் இதுதான். அதுவரை, 'டீச்சர் நமக்காகக் காத்திருக்கிறாரே' என்ற கூச்சம் பெற்றோரை ஓட வைத்தது. அபராதம் வந்ததும் அந்தக் காத்திருப்புக்கு ஒரு விலை கிடைத்துவிட்டது, அதுவும் மலிவு விலை. மாதக் கட்டணமே 1,400 ஷெகல். 10 ஷெகல் எந்த மூலைக்கு? அபராதமே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. வலிக்கிற அளவு அபராதம் வேறு மாதிரி வேலை செய்யலாம். ஆனால் ஒரு கூச்சம் ஏற்கெனவே காவல் காத்துக்கொண்டிருக்கும் இடத்தில் சில்லறை அபராதத்தைக் கொண்டுபோய் வைத்தால், இருந்த காவலும் போய்விடும்.

[திரையில்: வட்டமாக உட்கார்ந்த ஆண்கள். ஒவ்வொருவர் தலைக்கு மேலும் கேள்விக்குறி.]

அடுத்த சிக்கல் இன்னும் நுட்பமானது. நடப்பைப் பற்றிய நம் நம்பிக்கையே பல சமயம் தப்பாக இருக்கும். 'நாலு பேர் என்ன சொல்லுவாங்க' என்று பயப்படுகிறோமே, அந்த நாலு பேரும் தனித்தனியே நம்மைப் பார்த்து அதே பயத்தில் இருக்கலாம்.

சவூதி அரேபியாவின் ரியாத்தில் மணமான இளம் ஆண்கள் 500 பேரிடம் லியோனார்டோ பர்ஸ்டினும் சக ஆய்வாளர்களும் ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு தடவைக்கு 30 பேர் வரை, ஒரே வட்டாரத்துக்காரர்கள், பலர் ஒருவருக்கொருவர் அறிமுகமானவர்கள். பெண்கள் வீட்டுக்கு வெளியே வேலைக்குப் போகலாமா என்று பெயர் கேட்காமல் கேட்டார்கள். பெரும்பான்மையோர் 'போகலாம்' என்றார்கள். ஆனால் இந்த அறையில் எத்தனை பேர் அப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று கேட்டபோது, முக்கால்வாசிப் பேர் குறைத்தே மதிப்பிட்டார்கள். பாதிப் பேருக்கு உண்மையான எண்ணைச் சொன்னார்கள். மனைவியை வேலைவாய்ப்புச் செயலியில் பதிவு செய்யச் சம்மதித்தவர்கள், எண் சொல்லப்படாதவர்களில் 23 சதவீதம், சொல்லப்பட்டவர்களில் 32 சதவீதம். யாருடைய கருத்தையும் அவர்கள் மாற்றவில்லை, இருந்த கருத்தை வெளியே காட்டினார்கள், அவ்வளவுதான்.

இதை வகுப்பறையில் செய்யலாம். பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடும் பழக்கத்தை எடுத்துக்கொள்வோம். 40 பேர் வகுப்பு. ஒரே அளவில் வெட்டிய துண்டுச்சீட்டு, அதில் அச்சடித்த இரண்டு கேள்விகள்.

ஒன்று: பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவது உனக்குச் சரியாகப் படுகிறதா? ஆம், இல்லை, டிக் மட்டும்.
இரண்டு: இந்த வகுப்பில் எத்தனை பேர் 'ஆம்' என்று சொல்வார்கள்? ஓர் எண் மட்டும்.

எழுத்து வேண்டாம், கையெழுத்தில் ஆள் தெரிந்துவிடும். சீட்டுகளைப் பெட்டியில் போடச் சொல்லுங்கள், ஆசிரியர் கையில் வாங்க வேண்டாம். 'ஆம்' என்றவர்கள் 9 பேர், ஆனால் வகுப்பின் சராசரி ஊகம் 27 என்று வந்தால், அந்த இடைவெளிதான் உங்கள் மருந்து. இரண்டு எண்ணையும் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பேசாமல் நில்லுங்கள்.

தப்பாகப் போகும் இடங்கள் உண்டு. 'ஆம்' என்றவர்களே 25 பேராக இருந்தால் அதை அறிவிக்கவே கூடாது, அரிசோனாப் பலகையாகிவிடும். எண்ணைத் திருத்திச் சொல்வது அதைவிட மோசம். பிள்ளைகள் இடைவேளையில் தங்களுக்குள் எண்ணிப் பார்த்துவிடுவார்கள்.

[திரையில்: இரவுச் சாப்பாடு. தட்டு ஓரத்தில் ஒளிரும் போன்.]

வீட்டில் எண்ணிக்கை சிறியது, அதனால் ஒவ்வொருவரின் எடையும் பெரியது. நாலு பேர் குடும்பத்தில் அப்பா ஒருவர் சாப்பிடும்போது போனை எடுத்தாலே நடப்பு 25 சதவீதம். அம்மாவும் எடுத்தால் 'பாதிப் பேர்'. அதற்குப் பிறகு பிள்ளையிடம் போட்ட விதி காற்றோடு போச்சு. எல்லா போனும் அடுத்த அறையில் சார்ஜில் இருக்கட்டும். தவிர்க்க முடியாத அழைப்பு வந்தால், "ஆபீஸ் கால், ரெண்டு நிமிஷம்" என்று வாய்விட்டுச் சொல்லி எழுந்துபோய்ப் பேசுங்கள். விதிவிலக்கை விதிவிலக்காகக் காட்டினால் விதி உயிரோடிருக்கும்.

"எதிர்வீட்டுப் பையனப் பாரு" என்பது எதற்கும் உதவாது. ஒரே ஒரு பையன் படிக்கிறான் என்றால், மற்றவர்கள் படிப்பதில்லை என்றுதான் பிள்ளைக்குக் கணக்கு விழும்.

[திரையில்: புள்ளிகளும் கோடுகளுமாய் ஒரு பள்ளியின் நட்பு வலை.]

எல்லாருடைய நடத்தையும் ஒரே அளவில் கவனிக்கப்படுவதில்லை. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 56 நடுநிலைப் பள்ளிகள், 24,191 மாணவர்கள். எலிசபெத் பலக்கும் சக ஆய்வாளர்களும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு. கடந்த சில வாரங்களில் யார் யாரோடு நேரம் செலவழித்தாய், 10 பெயர் வரை சொல் என்று எல்லாரிடமும் கேட்டார்கள். அதிகம் பேர் சொன்ன பெயர்கள் யாருடையவை என்று அதில் தெரிந்தது. பிறகு பாதிப் பள்ளிகளில் 20 முதல் 32 மாணவர்களைக் குலுக்கல் முறையில் எடுத்தார்கள். எந்தச் சண்டையை நிறுத்த வேண்டும் என்று அவர்களே முடிவு செய்தார்கள், தங்கள் படம் போட்ட சுவரொட்டி ஒட்டினார்கள், நல்லது செய்தவர்களுக்கு ஆரஞ்சுக் கைப்பட்டை கொடுத்தார்கள். மீதிப் பள்ளிகளோடு ஒப்பிட்டால், ஓராண்டில் மாணவர் மோதல் குறித்த ஒழுங்கு நடவடிக்கைப் பதிவுகள் 30 சதவீதம் குறைந்தன. குலுக்கலில் அதிகம் கவனிக்கப்படும் பிள்ளைகள் கூடுதலாக வந்த பள்ளிகளில் பலன் இன்னும் அதிகம்.

கவனியுங்கள், அவர்கள் கிளாஸ் லீடர்களைப் பொறுக்கி எடுக்கவில்லை. ஆசிரியருக்குப் பிடித்த பிள்ளையும் பிள்ளைகள் கவனிக்கும் பிள்ளையும் பெரும்பாலும் வேறு வேறு.

அங்கே கைப்பட்டை சண்டையைக் குறைத்தது. நம் தென்மாவட்டப் பள்ளிகள் சிலவற்றில் கையில் கட்டும் வண்ணக் கயிறு சாதியைச் சொல்கிறது. பட்டியலின மாணவர் ஒருவரைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய 2023 நாங்குநேரி கொடூரத்துக்குப் பிறகு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் இந்தக் கயிறுகளைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. வெறும் கயிற்றைத் தடுத்து என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. பயன் இருக்கிறது. 'எல்லாரும் ஏதோ ஒரு பக்கம் நிற்கிறார்கள்' என்ற நடப்பை தினமும் கண்ணுக்குக் காட்டுவது அந்தக் கயிறுதான். ஆனால் யார் முதலில் அவிழ்க்கிறார் என்பதும் முக்கியம்.

அதற்கு 10 பெயர் முறையை அப்படியே எடுத்துவந்தால் ஒரு குழியில் விழுவோம். பிள்ளைகள் தங்கள் தெருக்காரர்களையே எழுதியிருந்தால், கூட்டம் பெரிதான தரப்பின் பெயர்கள் மட்டுமே மேலே வரும். பட்டியலை முதலில் நட்புக் கூட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்திலும் அதிகம் சொல்லப்பட்ட இரண்டு மூன்று பேரை எடுக்க வேண்டும். இரண்டு கூட்டத்தாரும் சேர்த்து எழுதிய பெயர் ஒன்று கிடைத்தால் அந்தப் பிள்ளையிடம் முதலில் பேசுங்கள், ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிடாமல்.